யார் பெயரையும் நீக்காத நோட்டுகள்: ஒரு பி.டி. சாரை ஊர் நினைவுகூர்ந்த விதம் – நிகழ்வு ஆய்வு

எங்கள் ஊர் பி.டி. சார் இறந்த பிறகு, அவருக்கு என்ன செய்வது என்று தொடங்கிய பேச்சு ஒன்றரை ஆண்டு வேலையாக நீண்டது. அந்தக் காலத்தில் என்ன நடந்தது, எந்த முடிவை ஏன் எடுத்தோம், எங்கே தவறினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இதே வேலையில் இறங்கப்போகிற வேறு ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் என்பதுதான் நோக்கம். இதில் வருகிறவர்கள் இன்னும் அதே தெருக்களில் வாழ்கிறவர்கள் என்பதால் ஊர், பள்ளி, ஆட்கள் பெயர் எதையும் எழுதவில்லை. நான் அவரிடம் கபடி கற்றவன். ஏற்பாட்டுக் குழுவிலும் இருந்தேன்.

ஊரும் சாரும்

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில், தென்கடல் பக்கம் உள்ள ஊர் இது. மன்னார் வளைகுடாவை இங்கே தென்கடல் என்றும், பாக் விரிகுடாப் பக்கத்தை வடகடல் என்றும் சொல்வோம். ஆண்களுக்கு நாட்டுப்படகும் கரைவலையும். வளர்ந்த பையன்கள் மண்டபம், ராமேஸ்வரம் விசைப்படகுகளில் கூலிக்குப் போவார்கள். பெண்களுக்குப் பாசி. விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருவார்கள். எதிரே தெரியும் தீவுகள் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. 21 தீவுகள் கொண்ட பூங்கா அது. அதன் பிறகு பாசித் தொழிலும் பயந்து பயந்து செய்கிற தொழிலாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கான காரணங்கள் எல்லாம் இந்தச் சில வரிகளுக்குள்ளேயே இருக்கின்றன.

சார் முதுகுளத்தூர் பக்கத்து மானாவாரி கிராமத்துக்காரர். பாம்பன் சாலைப் பாலம் திறந்த 1988-ல்தான் இங்கே வேலைக்கு வந்தேன் என்று சொல்வார். வரும்போது அவருக்கு நீச்சல் தெரியாது. ஆறாம் வகுப்புப் பையன்கள்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பையன்களை, அவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் “என் வாத்தியார்கள்” என்றே அவர் அறிமுகப்படுத்துவார்.

பள்ளிக்குப் பின்னால் இருந்தது சீமைக்கருவேலம் மண்டிய மணல் மேடு. வேரோடு பிடுங்கி அதைக் கிரவுண்டாக்கினார்கள். மணலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது. காலையில் போட்டால் மதியக் காற்றில் போய்விடும். பழைய நைலான் வலைக்கயிற்றை ஆணி அடித்து இழுத்துக் கட்டினார் சார். அளவை எங்களுக்குப் பாகத்தில்தான் (விரித்த இரண்டு கையின் நீளம், சுமார் ஆறடி) சொல்லித்தந்தார். கடலாழத்தைப் பாகத்தில் அளக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மீட்டர் எதற்கு? வாலிபால் கோர்ட்டின் நீளம் 18 மீட்டர், பத்துப் பாகத்துக்குச் சற்றுக் குறைவு. அகலம் 9 மீட்டர், ஐந்து பாகத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை அளந்துகொண்டே அவர் நடப்பது இன்றும் கண்ணில் நிற்கிறது.

குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, அதைத் தாண்டினால் மாநில அளவிலான பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுகள். இந்தப் படிகளில் எங்கள் பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள். அந்த ஓட்டமும் உடம்பும் கொடுத்த பலத்தில் போலீஸிலும் ராணுவத்திலும் சேர்ந்தவர்கள் உண்டு. வெளியூருக்குத் தெரிந்த சார், இந்த வெற்றிகளின் சார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. காலை ஐந்தரைக்கு விசில் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மரணமும் முகம் பார்க்காத குறையும்

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் இரவு நெஞ்சுவலி வந்தது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள், விடியும் முன் போய்விட்டார். உறவினர்கள் அங்கிருந்தே உடலை அவருடைய சொந்தக் கிராமத்துக்கு எடுத்துச் சென்றார்கள். அது அவர்கள் உரிமை, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் படகுகள் கடலில் இருந்தன. பெண்கள் பாசிக்குப் போயிருந்தார்கள். கரை திரும்பியபோது அடக்கம் முடிந்திருந்தது. கையில் கிடைத்த ஒரு வேனில் ஏறிப் போனவர்கள் இருபது பேருக்குள்தான்.

சார் முகத்தைப் பார்க்கவில்லை என்ற குறை ஊருக்குள் கனமாக இறங்கியது. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், அடுத்து நாங்கள் அவசரமாக எடுத்த முடிவுகள் எல்லாம் இந்தக் குறையிலிருந்து வந்தவை. துக்கம் பார்க்கக் கிடைக்காத ஊர், கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று கேட்கும்.

முதல் முடிவுகள்: சிலையும் ஃபிளெக்ஸும்

மூன்றாம் நாள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். ஒரு வாரத்தில் எட்டுப் பேர் கொண்ட ஏற்பாட்டுக் குழு அமைந்தது. எட்டுப் பேரும் ஆண்கள். அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே சிலை என்று முடிவானது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்கள் பணம் அனுப்பத் தயாராக இருந்தார்கள். கலாம் ஐயாவை உதாரணம் காட்டி ஒருவர் பேசினார். பேய்க்கரும்பில் நினைவிடம் எழும்பி ஊரே பெருமையாக நிற்கிறதே, நம் சாருக்கு ஒரு மார்பளவு சிலையாவது வேண்டாமா என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கலாம் ஐயா வழியாக வேறொன்றையும் யோசித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பறவை எப்படிப் பறக்கிறது என்று பாடம் நடத்திவிட்டு, பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டிய ராமேஸ்வரம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரை அவர் போன இடமெல்லாம் சொன்னார். மாணவர் வாயில்தான் அந்த ஆசிரியர் பெயர் நின்றது. எங்கள் சாருக்கு அப்படி ஊரறிந்த மாணவர் யாரும் இல்லை. இருந்தவர்கள் எல்லாம் மீன்பிடிக்கிறவர்கள், பாசி எடுக்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள்.

சிலை இரண்டு காரணங்களால் நின்றது. பள்ளி வளாகம் அரசு இடம். அங்கே சிலை வைக்க அரசு அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது என்று தலைமையாசிரியர் பொறுமையாகச் சொன்னார். இரண்டாவது காரணம் சாரின் மனைவி. அனுமதி கேட்டு அவர் வீட்டுக்குப் போனபோது இப்படிச் சொன்னார்: “சிலை வச்சா யாரு தம்பி தொடைக்கிறது? காக்கா எச்சமும் உப்புக்காத்துந்தான் மிஞ்சும். கட்டிலுக்கு அடியில பெட்டி நெறைய அவர் எழுதின நோட்டு கெடக்கு. அத மொதல்ல பாருங்க.”

நாங்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. நாற்பதாம் நாள் நினைவேந்தலுக்குத் தேதி நெருங்கிவிட்டது. பள்ளியில் இருந்த சான்றிதழ்ப் பதிவேட்டைப் பார்த்து, பரிசு வாங்கியவர்கள் பட்டியல் எடுத்தோம். 64 பேர். அவர்களுக்கு அழைப்பு போனது. நடுவில் சார் படம், சுற்றிலும் அந்த 64 முகங்கள் என்று ஃபிளெக்ஸ் அடித்துப் பேருந்து நிறுத்தத்தில் கட்டினோம்.

மறுநாள் மீன் ஏலம் போடும் இடத்தில் ஒரு அக்கா என்னை நிறுத்தினார். கையில் ஐஸ் பெட்டி மூடி. நாற்பத்தைந்து வயது இருக்கும். “தம்பி, நான் ஓடுனது ஒங்க கணக்குல இல்லையா?” என்றார். எட்டாம் வகுப்பு வரை சாரிடம் கோ-கோ ஆடியவர்; குறுவட்டத்துக்குப் போகும் முன்பே பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். பரிசு இல்லை, அதனால் பதிவேட்டில் பெயர் இல்லை. சண்டை போடவில்லை. கேட்டுவிட்டு மீன் பெட்டியை மூடப் போய்விட்டார். நினைவேந்தலுக்கு அவர் வரவில்லை. அவரைப் போல வராதவர்கள்தான் ஊரில் அதிகம் என்பது அன்று காலி நாற்காலிகளைப் பார்த்தபோது புரிந்தது.

அன்று இரவே ஃபிளெக்ஸைக் கழற்றினோம். மறுநாள் சார் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கேட்டோம்.

பெட்டிக்குள் இருந்தவை

பழைய டிரங்குப் பெட்டி. உள்ளே 31 நீள நோட்டுகள், வருடத்துக்கு ஒன்று. இடையில் மூன்று வருடத்து நோட்டுகள் இல்லை. கடற்கரை வீட்டில் காகிதம் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான்: பின்கள் துருப்பிடித்து நடுமடிப்பு பழுப்பேறியிருந்தது. ஈரப்பதத்தில் பல பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இங்க் பேனாவில் எழுதிய ஆரம்ப வருடங்கள் கலங்கிப்போயிருந்தன. பால்பாயிண்ட் பேனா எழுத்துகள் தப்பியிருந்தன.

அவசரத்தில் வெயிலில் காயவைக்கப் பார்த்தார் ஒரு தம்பி. நல்லவேளை, நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தடுத்தார். வெயிலில் வைத்தால் தாள் முறுகி எழுத்து மங்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்துப் பொறுமையாக உலர்த்த வேண்டும் என்றார். பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தோம். ஒட்டியிருந்ததை இழுத்துப் பிரிக்கவில்லை. பிரியாத பக்கங்களை அப்படியே விட்டோம். உலர்ந்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்தோம். மூன்று வாரம் ஆனது.

அவை காலைப் பயிற்சியின் வருகைப் பதிவுகள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தேதிவாரியாகக் கட்டங்கள். வந்தவர்களுக்கு ஒரு டிக். அதன் பக்கத்தில் சின்னதாக “சா” அல்லது “சா.இ”. முதலில் விளங்கவில்லை. பின்பக்கக் கணக்கைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: சாப்பிட்டான், சாப்பிடவில்லை. “சா.இ” கூடிக்கொண்டே போன ஒரு வருடத்தில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் பலசரக்குக் கடைக் கணக்கு தொடங்குகிறது. பாசிப்பயறு, வெல்லம், மண்ணெண்ணெய். ஆறே முக்காலுக்கு ஓட்டம் முடிந்ததும் கிடைக்கும் அவித்த பயறு எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. யாரோ கொடையாளர் தருகிறார் என்றே நினைத்திருந்தோம். கடைசி வரை அது சாரின் சம்பளத்திலிருந்து போயிருக்கிறது.

வராதவர்களின் கட்டங்களில்தான் எங்கள் குழு மொத்தமும் பேச்சற்று உட்கார்ந்தது. ‘ஆப்சென்ட்’ என்று எங்குமே இல்லை. “க” என்று இருந்தது, கடல். “பா” என்று இருந்தது, பாசி. “ஊ” என்றால் வெளியூர், “தி” என்றால் திருமணம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் பெயரை அடுத்த வருட நோட்டிலும் அதே வரிசையில் எழுதியிருக்கிறார். அதற்கடுத்த வருடமும். அந்தப் பிள்ளை படித்திருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டிய வருடம் வரை பெயர் தொடர்கிறது. நாள்தோறும் கட்டத்தில் “க”, “க”, “க”. பள்ளிப் பதிவேடு நீக்கிய பெயரை அவர் நீக்கவில்லை. ஐஸ் பெட்டி அக்காவின் பெயரும் இருந்தது. முதலில் டிக், பிறகு “பா”.

ஏப்ரல் 15-க்குப் பிறகு கட்டங்கள் நிரம்புவதையும் பார்த்தோம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம் அன்றுதான் தொடங்கும். முன்பு 45 நாளாக இருந்தது; 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கோடை விடுமுறையில் எதற்குப் பயிற்சி வைக்கிறார் என்று நாங்கள் சலித்துக்கொண்ட காலம் உண்டு. விசைப்படகுக்குப் போன பையன்கள் கரையில் இருக்கும் நாள்கள் அவை என்பதால்தான் வைத்திருக்கிறார். “க” நின்று டிக் திரும்புகிறது.

ஒரு பக்கத்தில் இரண்டு வரி மட்டும் சிவப்பு மையில் இருந்தது. “அடித்தேன். கை வீங்கிவிட்டது. இனி இல்லை.” அடிபட்ட பையன் பெயரும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி நோட்டு அது. பள்ளியில் உடல்ரீதியாகத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லும் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-ல். எனக்குத் தெரிந்து சார் கையில் பிரம்பு இருந்ததில்லை; எனக்கு மூத்தவர்களுக்கு இருந்ததாகத் தெரியும். எந்த நாளில் அது மறைந்தது என்பது இப்போது தெரிந்தது.

மொத்தம் 611 பெயர்கள். அதில் பெண்பிள்ளைகள் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் குழுவை மாற்றினோம். ஐஸ் பெட்டி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்தோம். அவரோடு இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு வந்த நல்ல முடிவுகளில் பெரும்பாலானவை அவர்கள் சொன்னவை.

பெரிய விவாதம், நோட்டுகளை அச்சிடுவதா வேண்டாமா என்பது. நினைவு மலராகப் போட்டால் சார் யார் என்று உலகத்துக்குத் தெரியும் என்றார் வெளியூரில் வழக்கறிஞராக இருக்கும் தம்பி. எனக்கும் அதே ஆசைதான். மறுத்தவர் புதிதாகச் சேர்ந்த ஒரு மதினி. “என் பேருக்கு நேரா அவர் என்ன எழுதியிருக்கார்னு எனக்கே தெரியாது. ஊரு படிச்சிட்டு எனக்குச் சொல்லணுமா?” என்றார். நோட்டில் அப்படிப்பட்ட குறிப்புகள் இருக்கத்தான் செய்தன. வீட்டில் அடி. அப்பா குடி. வயதுக்கு வந்ததால் நிறுத்திவிட்டார்கள். பட்டினி. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆசிரியர் தனக்காக எழுதிக்கொண்டது. நாங்கள் படித்ததே அதிகம் என்று தோன்றியது.

முடிவு இப்படி அமைந்தது. நோட்டுகளை அச்சிடுவதில்லை, படங்களை யாருக்கும் அனுப்புவதில்லை. ஒவ்வொருவர் பெயர் வரும் வரிகளை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து, கவரில் வைத்து, அவரவர் கையில் கொடுப்பது. கவர் தயாரிக்கும் வேலையை இரண்டே பேர் செய்வது. பெண்களின் பக்கங்களைப் பெண்களே பார்ப்பது. வாட்ஸ்அப்பில் அதுவரை பகிர்ந்திருந்த இரண்டு படங்களையும் அழித்தோம். மூல நோட்டுகள் சாரின் மனைவிக்கே சொந்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தோம்.

சிவப்பு மை வரியைப் பற்றியும் பேசினோம். நினைவு நாளில் போய் அதைச் சொல்ல வேண்டுமா என்று சிலர் தயங்கினார்கள். அடிபட்டவரையே தேடிப்பிடித்துக் கேட்டோம். தொண்டிப் பக்கம் கடை வைத்திருக்கிறார். பக்கத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “சொல்லுங்க. நானே வந்து சொல்றேன்” என்றார்.

சேர்ந்த பணத்தை மூன்று பேர் கையெழுத்து வேண்டிய கூட்டுக் கணக்கில் போட்டோம். அதை எதற்குச் செலவழிப்பது என்பதில் சண்டை வரவில்லை. நோட்டின் கடைசிப் பக்கம் ஏற்கெனவே சொல்லியிருந்தது: பயறு, வெல்லம், கயிறு, பஞ்சு, டிஞ்சர்.

வீடு வீடாகப் போனது

611 பேரைத் தேடுவது நினைத்ததைவிடக் கடினம். திருமணமாகிப் போன பெண்கள் தங்கச்சிமடம், தூத்துக்குடி, வேம்பார் என்று சிதறியிருந்தார்கள். பள்ளிப் பெயர் வேறு, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. சார் கூப்பிட்ட பட்டப்பெயர் சிலருக்கு நோட்டில் இருந்தது. அதைச் சொன்னதும் வாசலில் சிரிப்பு வந்துவிடும். போகிற நாளைப் பார்த்துப் போக வேண்டியிருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பெண்கள் பாசிக்குப் போய்விடுவார்கள், வீட்டில் ஆள் இருக்காது. இதைக்கூடப் பெண்கள் குழுவுக்கு வந்த பிறகுதான் கவனித்தோம். அதற்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமை வீணானது.

முதலாண்டு நினைவு நாளை கிரவுண்டிலேயே வைத்தோம். மேடை இல்லை, ஃபிளெக்ஸ் இல்லை. காலை ஐந்தரைக்கு விசில். பழைய மாணவர்கள் நின்று ஓடி, முடித்து, பயறு சாப்பிட்டார்கள். சாரின் மனைவி வந்து உட்கார்ந்திருந்தார். தொண்டிக்காரர் தன் கையைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னார். அடிபட்ட அன்று மாலை சார் தன் வீட்டுக்கு வந்து தன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னார். அது நோட்டில் இல்லாத செய்தி.

பிறகு கவர்களைக் கொடுத்தோம். ஒரு அம்மா வரிசையில் நின்றார். அவர் பிள்ளை கடலில் போய்த் திரும்பாதவன். அவனுடைய கவரைப் பிரித்து, படிக்கத் தெரியாததால் என்னிடம் நீட்டினார். பெயர். டிக் பதினொன்று. பிறகு “க” வரிசையாக. ஒரு தேதிக்குப் பிறகு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஆனால் பெயர் அடுத்த வருட நோட்டிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. கட்டங்களில் எதுவும் எழுதாமல், பெயர் மட்டும். நான் விரலை வைத்துக் காட்டினேன். மூன்று வருடமும் அவன் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி மறுபடி மறுபடி பார்த்தார். தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதே காலையில்தான் எங்கள் பெரிய தவறும் நடந்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் பிள்ளைகளோடு வந்திருந்தார். கவரைப் பிரித்ததும் மகள் எட்டிப் பார்த்து, “சா.இன்னா என்னப்பா?” என்று சத்தமாகக் கேட்டாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு அர்த்தம் தெரியும். அவர் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வீட்டுக்குப் போனோம், கதவு திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி வந்து, கசங்காத புதுப் பிரதி ஒன்று வேண்டும் என்று வாங்கிப்போனார். அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அச்சிட்டால் அவமானம் வரும் என்று அவ்வளவு யோசித்த நாங்கள், கூட்டத்தின் நடுவே கவரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அன்றோடு பொதுவில் கொடுப்பதை நிறுத்தினோம். மீதியெல்லாம் வீட்டில், தனியாக.

பயிற்சி தொடர்ந்தது எப்படி

விசிலை யார் ஊதுவது என்பது அடுத்த கேள்வி. வெளியாட்கள் பள்ளி வளாகத்தில் பயிற்சி தர முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் எழுத்துப்பூர்வமாக அனுமதித்த பிறகே தொடங்கினோம். இப்போதுள்ள உடற்கல்வி ஆசிரியர் பொறுப்பில், பழைய மாணவர்கள் இரண்டு பேர் உதவிக்கு நிற்கிறார்கள். அதில் ஒருவர் பெண். பெண்பிள்ளைகள் பயிற்சியில் இருக்கும்போது பெரியவள் ஒருத்தி கிரவுண்டில் இருந்தே ஆக வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. இந்த விதி வந்த பிறகுதான் மூன்று வீடுகள் மறுபடி பிள்ளைகளை அனுப்பின.

பயறு தொடர்கிறது. காலை உணவுத் திட்டம் 2022-ல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று தொடங்கப்பட்டது. காலையில் ஓட வருவதோ ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள். அவர்களில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வருகை நோட்டும் தொடர்கிறது, ஆனால் ஒரு மாற்றத்தோடு: “சா.இ” எழுதுவதில்லை. எல்லோருக்கும் பயறு என்று வைத்துவிட்டதால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெயர் நீக்குவதில்லை என்ற வழக்கம் அப்படியே இருக்கிறது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் வீட்டுக்கு மாதம் ஒருமுறை யாராவது போய் வருகிறோம். இரண்டு பையன்கள் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதினார்கள்; ஒருவன் தேறினான்.

இன்னொரு முறை செய்தால்

முதலில் வீட்டுக்காரம்மா சொன்னதைக் கேட்டிருப்போம். நாற்பது நாள் தாமதத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அந்தப் பெட்டி ஈரத்தில் கிடந்தது. அப்போதே எடுத்திருந்தால் ஒட்டிப்போன பக்கங்களில் சிலவாவது பிரிந்திருக்கும்.

பட்டியலைப் பரிசுப் பதிவேட்டிலிருந்து எடுத்திருக்க மாட்டோம். நோட்டு இல்லாத ஊரில்கூட வழி இருக்கிறது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு இருக்கும், அதைத் தலைமையாசிரியர் அனுமதியோடு பார்க்கலாம். ஏலம் போடுகிற இடத்தில், பாசி காயப்போடுகிற இடத்தில் போய் உட்கார்ந்து கேட்டால் ஒரே நாளில் ஐம்பது பெயர் கிடைக்கும்.

குரல்களைப் பதிவு செய்யத் தவறினோம். நீச்சல் கற்றுக்கொடுத்த அந்த முதல் பையன்களில் மூத்தவர் இந்த இடைவெளியில் காலமானார். கடலில் சாரைத் தூக்கிப் பிடித்துக் காலடிக்கச் சொன்ன கதையை அவர் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். ஒருவர் கையிலும் அந்தப் பதிவு இல்லை. இது ஈடு செய்ய முடியாத இழப்பு.

கவர்களை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். சிவப்பு மை வரியைச் சொன்னதில் எனக்கு மறுயோசனை இல்லை. அதற்குப் பிறகுதான் ஊர்ப் பிள்ளைகள் சாரைப் பற்றி எங்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

தற்போதைய நிலை

452 கவர்கள் உரியவர்கள் கையில் சேர்ந்துவிட்டன. 159 சாரின் வீட்டில், அதே டிரங்குப் பெட்டியில், வெள்ளைத்தாளுக்கு நடுவே இருக்கின்றன. சாவி சாரின் மனைவியிடம். மீதியுள்ளவர்களில் நிறையப் பேர் கேரளத் துறைமுகங்களில் படகு வேலையில் இருக்கிறார்கள். அங்கே தடைக்காலம் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை. அந்த 52 நாளில் அவர்கள் ஊருக்கு வருவார்கள். யார் எந்தத் தெருவுக்குப் போவது என்று ஐஸ் பெட்டி அக்கா இப்போதே பிரித்து எழுதி வைத்திருக்கிறார்.